அடைக்கலம் தந்த கண்டி அரசன் செனரத்

1626 ஆம் ஆண்டு கொழும்பிலும் அதனைச் சூழ்ந்த தாழ்நிலப் பகுதிகளிலும் வாழ்ந்த முஸ்லிம்கள் போர்த்துக்கேயரின் கட்டளையின் பேரில் வெளியேற்றப்பட்டனர். தலைமுறை தலைமுறையாக வாணிபம் செய்த துறைமுகங்களையும், குடியிருந்த வீடுகளையும், தொழுத பள்ளிவாசல்களையும் விட்டு அவர்கள் புறப்பட வேண்டியதாயிற்று. கரையோரம் முழுவதும் போர்த்துக்கேயரின் பிடியிலோ கண்காணிப்பிலோ இருந்த அந்நாளில் அவர்களுக்கு எஞ்சியிருந்த திசை ஒன்றே. அது மலைநாடு. அங்கு செங்கடகலையில் அரசு செலுத்திக் கொண்டிருந்தவன் செனரத். வந்தவர்களை அவன் ஏற்றுக்கொண்டான். அவர்களுள் ஏறக்குறைய 4,000 பேரைத் தன் ஆட்சிக்குட்பட்ட மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான்.

இலங்கை வரலாற்றை ஓரளவு அறிந்த எவரும் இச்செய்தியைக் கேள்விப்பட்டிருப்பர். ஆனால், இதனைச் செய்த மனிதன் யார், எத்தகைய நெருக்கடிகளுக்கிடையில் இதனைச் செய்தான் என்பது அதிகம் பேசப்படுவதில்லை. பாடநூல்களில் செனரத், முதலாம் விமலதர்மசூரியனுக்கும் இரண்டாம் இராஜசிங்கனுக்கும் இடையில் வந்து போகின்ற ஒரு பெயராக மட்டுமே நிற்கின்றான். முன்னவன் கண்டி இராச்சியத்தை மீண்டும் நிலைநிறுத்தியவன். பின்னவன் போர்த்துக்கேயரைத் துரத்தியவன். இடையில் முப்பத்தொரு ஆண்டுகள் அந்த இராச்சியத்தை அழிந்து விடாமல் காத்தவனுக்குக் கிடைத்திருப்பது சில வரிகளே.

செனரத் அரச பதவிக்கென வளர்க்கப்பட்டவன் அல்லன். விமலதர்மசூரியனின் உறவினனாகிய அவன் பௌத்த துறவியாக இருந்தவன். 1604 இல் விமலதர்மசூரியன் இறந்தபோது வாரிசாகிய மகன் சிறுவனாக இருந்தான். அரசுரிமை உண்மையில் அரசியாகிய தோனா கதரீனாவிடமே இருந்தது. கண்டி மன்னன் கரலியத்தே பண்டாரவின் மகளாகிய அவளைப் போர்த்துக்கேயர் சிறுவயதிலேயே தம் பொறுப்பில் எடுத்து ஞானஸ்நானம் செய்வித்து வளர்த்தனர். 1594 இல் அவளை முன்னிறுத்திக் கண்டியைக் கைப்பற்ற முயன்ற பேரோ லோபஸ் த சூசாவின் படை தந்துரையில் அழிந்தது. வென்ற விமலதர்மசூரியன் அவளை மணந்து தன் உரிமையை உறுதி செய்து கொண்டான். அவன் மறைந்ததும் அதே கேள்வி மீண்டும் எழுந்தது. அரசியை மணப்பவனே அரசன்.

செனரத் துறவாடையைக் களைந்தான். அவனுக்கும் ஊவா இளவரசனுக்கும் இடையே அரியணைக்கான போட்டி மூண்டது. அப்போட்டியில் ஊவா இளவரசன் செனரத்தினால் கொல்லப்பட்டான் என்பதை ஒல்லாந்தப் பதிவுகள் கூறுகின்றன. பின்னர் அரசியை மணந்து அவன் முடி சூடினான். பிற்காலத்தில் அடைக்கலம் தந்த அரசனை ஒரு சாந்த சொரூபியாகக் கற்பனை செய்து கொள்ள விரும்புவோர் இதனை நினைவில் வைத்திருக்க வேண்டும். அக்காலத்து அரசர்கள் எல்லோரையும் போலவே இவனும் அதிகாரத்தின் கடுமையை அறிந்தவனே.

அவன் பெற்ற நாடு எத்தகையது? நாற்புறமும் காடும் மலையும் கணவாய்களும் காவல் இருந்த நாடு அது. ஆனால் உப்பும் உடுதுணியும் கடற்கரையிலிருந்தே வரவேண்டும். மேற்குக் கரையைப் போர்த்துக்கேயர் அடைத்து வைத்திருந்தனர். கிழக்கில் திருகோணமலையும் மட்டக்களப்பும் மட்டுமே கண்டிக்கு மூச்சுவிடும் வாயில்களாக இருந்தன. இந்தப் புவியியலை விளங்கிக் கொண்டாலன்றி 1626 இன் முடிவை விளங்கிக் கொள்ள முடியாது.

போர்த்துக்கேயத் தளபதி ஜெரனிமோ த அசவேதோ 1611 இல் கண்டி மீது படையெடுத்து நகரை எரித்தான். அதற்கு முன்னரும் பின்னரும் இத்தகைய படையெடுப்புகள் நிகழ்ந்தன. ஒவ்வொரு முறையும் செங்கடகலையின் மக்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக் கொண்டு காடுகளுக்குள் புகுந்தனர். அரசனும் அவ்வாறே செய்தான். அத்தகைய ஒரு வேளையில் செனரத் தந்த தாதுவைப் பன்சியபத்துப் பகுதிக்கு எடுத்துச் சென்று மறைத்து வைத்ததையும், நிறை கர்ப்பிணியாக இருந்த அரசியைப் பல்லக்கில் ஏற்றி மஹியங்கனைக்குக் கொண்டு சென்றதையும் சூளவம்சம் பதிவு செய்கிறது. அங்கேதான் பின்னாளில் இரண்டாம் இராஜசிங்கனாக முடி சூடிய பிள்ளை பிறந்தது. அதாவது, கண்டியின் மிகப் பெரிய அரசர்களுள் ஒருவன் இடம்பெயர்ந்த தாயின் வயிற்றில் பிறந்த குழந்தை. இக்கால நிவாரணப் பதிவேடுகளின் மொழியில் சொல்வதானால் உள்நாட்டில் இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்றின் தலைவன் செனரத்.

தோனா கதரீனா 1613 இல் இறந்தாள். போர்த்துக்கேயரால் வளர்க்கப்பட்டு, அவர்களால் அரசியாக்கப்பட்டு, பின்னர் அவர்களுடைய எதிரிகள் இருவருக்கு அடுத்தடுத்து மனைவியான அந்தப் பெண்ணின் வாழ்க்கை தனியாக எழுதப்பட வேண்டியது.

வெளியுதவி தேடுவதில் செனரத் சளைக்கவில்லை. 1612 இல் மார்செலிஸ் பொஷௌவர் என்ற ஒல்லாந்தத் தூதன் ஊடாக உடன்படிக்கை ஒன்றைச் செய்து கொண்டான். ஒல்லாந்தர் எதிர்பார்த்த அளவில் உதவவில்லை. பொஷௌவர் டென்மார்க் சென்று அந்நாட்டு மன்னன் நான்காம் கிறிஸ்தியனுடன் கண்டியின் பெயரால் ஒப்பந்தம் செய்தான். ஓவே கெட்டேயின் தலைமையில் டேனியக் கப்பல்கள் 1620 இல் இலங்கைக்கு வந்தன. வழியிலேயே பொஷௌவர் இறந்து விட்டான். அவன் தன் பெயரால் கொடுத்த வாக்குறுதிகளைச் செனரத் ஏற்க மறுத்ததால் அந்த முயற்சி முறிந்தது. டேனியருக்கு வேறு இலாபம் கிடைத்தது. தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் அவர்கள் தரங்கம்பாடியைப் பெற்றனர். கண்டிக்கு உதவ வந்த கப்பல்கள் தமிழ்நாட்டின் கரையில் ஒரு கோட்டையை எழுப்பியதோடு கதை முடிந்தது.

எவரும் உதவாத நிலையில் 1617 இல் செனரத் போர்த்துக்கேயருடன் சமாதானம் செய்து கொண்டான். அவர்களுக்குத் திறை செலுத்தவும் இணங்கினான். அடிபணிந்தான் என்று சிலர் இதனைக் கூறுவர். பத்தாண்டு கால இடைவெளியை விலை கொடுத்து வாங்கினான் என்பதே பொருத்தமாகும். ஆனால் அந்த இடைவெளிக்குள் போர்த்துக்கேயர் சும்மா இருக்கவில்லை. 1619 இல் யாழ்ப்பாண இராச்சியம் வீழ்ந்தது. அதன் கடைசி மன்னன் சங்கிலி கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டுக் கொல்லப்பட்டான். திருகோணமலையில் கோணேசர் ஆலயம் இடிக்கப்பட்டு அதன் கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பப்பட்டது. இதனைச் செய்தவன் கொன்ஸ்தந்தீனு த சா. முஸ்லிம்களை வெளியேற்றியவனும் அவனே. கோணேசர் ஆலயத்தின் இடிப்பைத் தமிழர்களும், 1626 இன் வெளியேற்றத்தை முஸ்லிம்களும் தனித்தனியே தத்தம் துயரமாக நினைவு கூர்கின்றனர். இரண்டு கட்டளைகளும் ஒரே மனிதனிடமிருந்து இரண்டொரு ஆண்டு இடைவெளியில் பிறந்தவை என்பதைச் சேர்த்து வைத்து நோக்குவோர் குறைவு.

வெளியேற்றம் திடீரென வந்த ஒன்றும் அல்ல. சரியாக நூறு ஆண்டுகளுக்கு முன்னர், 1526 இல், போர்த்துக்கேயரின் வற்புறுத்தலினால் கோட்டை மன்னன் கொழும்பிலிருந்து முஸ்லிம் வணிகர்களை அகற்றியிருந்தான். கறுவா வாணிபத்தில் போட்டியாளர் இருக்கக் கூடாது என்பதே அடிப்படைக் காரணம். சமயப் பகை அதற்கு மெருகூட்டியது. பின்னர் கள்ளிக்கோட்டை சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களாகிய மரைக்காயர்கள் சீதாவாக்கை மாயாதுன்னைக்குத் துணையாகப் பலமுறை வந்து போரிட்டனர். 1538 இல் இராமேஸ்வரத்துக்கு அண்மையில் வேதாளையில் அவர்களது பெருங்கப்பற்படை தோற்கடிக்கப்பட்ட பின்னர் இலங்கைக் கரையோர முஸ்லிம்களுக்குக் கடல் வழித் துணை மங்கத் தொடங்கியது. ஆயினும் அவர்கள் ஊர்களை விட்டுப் போகவில்லை. சிறு வாணிபம், தையல், வைத்தியம், மீன் வியாபாரம் என்று வாழ்ந்தனர்.

அப்போது போர்த்துக்கலும் ஸ்பெயினும் ஒரே முடியின் கீழ் இருந்தன. அதே முடிதான் 1609 முதல் 1614 வரை ஸ்பெயினிலிருந்து மொரிஸ்கோக்கள் எனப்பட்ட முஸ்லிம் மரபினரை இலட்சக்கணக்கில் நாடு கடத்தியது. அவர்களுள் பெருந்தொகையினர் வட ஆபிரிக்காவுக்குச் சென்றனர். துனிசை அப்போது ஆண்ட உத்மான் தேய் அவர்களுக்கு நிலம் கொடுத்துக் குடியமர்த்தினார். அவர்கள் கட்டிய தெஸ்தூர் போன்ற ஊர்கள் இன்றும் உள்ளன. ஆனால் துனிசில் வரவேற்றவர்களும் வந்தவர்களும் ஒரே சமயத்தவர். செனரத்தின் விடயத்தில் அந்த உறவும் இல்லை. முன்னாள் பௌத்த துறவியான ஓர் அரசன், வேறு மொழி பேசிய, வேறு சமயத்தைப் பின்பற்றிய மக்களை ஏற்றுக் கொண்டான்.

இதில் அரசியல் இலாபம் இருக்கவில்லையா என்று கேட்கலாம். நிச்சயமாக இருந்தது. கிழக்குக் கரையில் கடலோடவும் வாணிபம் செய்யவும் தெரிந்த, போர்த்துக்கேயரை வெறுப்பதற்குத் தக்க காரணமுள்ள மக்கள் 4,000 பேர் இருப்பது கண்டிக்கு எவ்வளவு பெரிய பலம் என்பதை அறியாதவன் அல்லன் செனரத். கருணையும் கணக்கும் கலந்த முடிவு என்பதே நமது கணிப்பு. ஆனால் அதனால் அதன் மதிப்புக் குறைந்து விடுவதில்லை. வெறும் இரக்கத்தினால் மட்டும் ஏற்கப்பட்டவர்கள் இரக்கம் தீர்ந்ததும் சுமையாகக் கருதப்படுவர். பயன் உள்ளவர்களாக ஏற்கப்பட்டவர்களுக்கு நிலமும் தொழிலும் கிடைக்கின்றன. மலைநாட்டிலேயே தங்கியவர்களுக்கு நடந்ததும் அதுவே.

கண்டி அரசில் மடிகே பத்த என்ற போக்குவரத்துப் பிரிவு ஒன்று இருந்தது. பொதிமாடுகளைத் தவளமாகக் கட்டிக் கரையிலிருந்து உப்பும் கருவாடும் துணியும் மேலே கொண்டு வருவதும், மலையிலிருந்து பாக்கும் மிளகும் கீழே கொண்டு செல்வதும் அதன் பணி. அதில் முஸ்லிம்களே பெரும்பாலும் அமர்த்தப்பட்டனர். அதற்காக அவர்களுக்கு அரச நிலங்களும், சில இடங்களில் விகாரை, தேவாலய நிலங்களும் சேவை மானியமாகக் கிடைத்தன. அரண்மனை வைத்தியர்களாகவும் முஸ்லிம்கள் விளங்கினர்; கோபால முதலியார் பரம்பரை இதற்குப் புகழ் பெற்றது. அக்குறணை, மடவளை, கலகெதர, உடுநுவர, கம்பளை எனக் கண்டியைச் சூழ்ந்து முஸ்லிம் ஊர்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே பரந்து கிடப்பதற்கு இந்த ஏற்பாடு முக்கிய காரணமாகும். அவர்கள் ஒரே முகாமில் அடைக்கப்படவில்லை. செனரத்தின் காலத்துக்குப் பின்னர் கண்டியில் கைதியாக வாழ்ந்த ரொபர்ட் நொக்ஸ், நகரில் முஸ்லிம்களின் தொழுகையிடம் ஒன்றுக்கு முன்னைய அரசர் காலத்து ஏற்பாட்டின்படி குடியானவர் ஒவ்வொருவரும் ஒரு பணம் கொடுத்து வந்ததைக் குறிப்பிடுகிறான்.

மலைநாட்டு முஸ்லிம்களிடையே வழங்கும் மரபுக் கதை ஒன்றும் உண்டு. போர்த்துக்கேயரால் துரத்தப்பட்ட கண்டி மன்னன் ஒருவனை பங்கரகம்மனை என்னும் ஊரில் ஒரு முஸ்லிம் பெண் மரப்பொந்து ஒன்றினுள் மறைத்து வைத்து, அவன் இருக்குமிடத்தைச் சொல்ல மறுத்து வாளுக்கு இரையானாள் என்பது அக்கதை. அவளுடைய வழித்தோன்றல்களுக்கு அவ்வூர் மானியமாக வழங்கப்பட்டதாம். இது ஆவணம் அன்று, கதைதான். ஆனால் ஒரு சமூகம் தன் நன்றிக்கடனை எந்த வடிவத்தில் நினைவு வைத்திருந்தது என்பதற்கு இது ஆவணமே.

மட்டக்களப்புக்கு வருவோம். அங்கு அனுப்பப்பட்டவர்கள் ஆளில்லாத காட்டில் இறக்கி விடப்படவில்லை. முக்குவர் முதலான தமிழ்க் குடிகள் அங்கு வேரூன்றி வாழ்ந்தனர். முஸ்லிம்களும் அதற்கு முன்னரே அங்கு இருந்தனர். திமிலருடனான போரில் முக்குவருக்குத் துணை நின்ற பட்டாணியர் ஏறாவூரில் குடியமர்த்தப்பட்டு முக்குவப் பெண்களை மணந்தனர் என்பது மட்டக்களப்பின் பழைய வரலாற்று மரபு. ஆகவே கிழக்கு முஸ்லிம்கள் அனைவரும் 1626 இல் வந்த 4,000 பேரின் சந்ததியினரே என்று கூறுவது பிழை. அவர்கள் ஏற்கனவே இருந்த சமூகத்துடன் சேர்ந்தனர். ஆணை பிறப்பித்தவன் கண்டியில் இருந்தான். இடம் கொடுத்தவர்கள் மட்டக்களப்புத் தமிழர்களும் அங்கிருந்த முஸ்லிம்களும்.

இதன் தடயம் ஏட்டில் அல்ல, வாழ்க்கையில் இருக்கிறது. தாய்வழிக் குடிமுறை இன்றும் கிழக்கின் தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சாராரிடமும் காணப்படுகிறது. கோவில்களில் குடிக்கு ஒரு வண்ணக்கர் இருப்பது போல் பள்ளிவாசல்களில் குடிக்கு ஒரு மரைக்காயர் இருப்பது வழக்கம். பெண்ணுக்கு வீடு கொடுத்து மணமகனை அவ்வீட்டுக்கு அழைக்கும் முறை இரு சமூகங்களுக்கும் பொது. வந்தவர்களுக்கும் இருந்தவர்களுக்கும் இடையில் வேலி மட்டுமே இருந்திருப்பின் இத்தகைய ஒற்றுமை உருவாகியிருக்க முடியாது.

இவ்விடத்தில் ஒரு கசப்பான செய்தியைத் தவிர்க்க முடியவில்லை. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறக்குறைய 75,000 முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலங்கள். தமிழே தாய்மொழியாகக் கொண்ட அம்மக்கள் புத்தளத்தின் ஓலைக் கொட்டில்களில் உலர் உணவு அட்டைகளுடன் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். புத்தளத்து மக்கள் முதலில் தம் வீடுகளையும் பள்ளிகளையும் திறந்து விட்டனர். பின்னர் தண்ணீருக்கும் வேலைக்கும் காணிக்கும் போட்டி ஏற்பட்டபோது உறவில் விரிசல் கண்டது. அது அவர்களின் குற்றம் என்று கூற முடியாது. நிவாரணம் வழங்கிய அரசும் நிறுவனங்களும் வந்தவர்களை எண்ணிப் பார்த்த அளவுக்கு வரவேற்ற ஊரைக் கணக்கில் எடுக்கவில்லை. 1977 இன் வன்செயல்களுக்குப் பின்னர் மலையகத்திலிருந்து வவுனியாவுக்குப் போன தமிழர்களும், 2006 இல் மூதூரை விட்டு ஓடிய முஸ்லிம்களும், 2009 இல் முள்வேலிக்குள் அடைக்கப்பட்ட வன்னி மக்களும் இதே அனுபவத்தின் வெவ்வேறு பக்கங்களைக் கண்டவர்கள். சோறு ஒரு மாதத்திற்குப் போதும். அதன் பின்னர் வேண்டியது உழுவதற்கு நிலமும், பிழைப்பதற்குத் தொழிலும், அயலவன் என்ற அந்தஸ்தும். 17 ஆம் நூற்றாண்டின் ஓர் அரசன் இவற்றை வழங்கினான் என்பதனால் அவனை நவீன மனிதாபிமானி ஆக்கிவிடத் தேவையில்லை. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி எழாமலும் இல்லை.

2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிக்கப்பட்டன. கண்டியிலிருந்து மஹியங்கனைக்குச் செல்லும் பாதையில்தான் அவ்விடங்கள் உள்ளன. கர்ப்பிணி அரசி அடைக்கலம் தேடிச் சென்ற மஹியங்கனையும் அப்பாதையின் முடிவில்தான் உள்ளது.

மீண்டும் செனரத்திடம் செல்வோம். முஸ்லிம்கள் குடியமர்ந்து இரண்டு ஆண்டுகள் கூட முழுமையாகக் கழியவில்லை. 1628 இல் கொன்ஸ்தந்தீனு த சா மட்டக்களப்புக்கே வந்து புளியந்தீவில் கோட்டை கட்டினான். துரத்தியவனே துரத்தப்பட்டவர்களின் புதிய வாசலில் வந்து நின்றான். கண்டியின் கடைசி வாயிலும் அடைபட்டது. சமாதானம் முறிந்தது. செனரத் யாழ்ப்பாணத்துக்கும் படை அனுப்பி அங்குள்ள போர்த்துக்கேய ஆட்சிக்கு எதிரான எழுச்சிக்குத் துணை செய்தான். அது வெற்றி பெறவில்லை. 1629 இல் த சா கண்டிக்குள் புகுந்து நகரை மீண்டும் எரித்தான். முதுமையடைந்து கொண்டிருந்த அரசன் மீண்டும் காட்டுக்குப் போனான்.

அடுத்த ஆண்டு த சா ஊவா மீது படையெடுத்துப் பதுளையை எரித்தான். திரும்பும் வழியில் வெல்லவாயாவுக்கு அண்மையில் ரந்தெனிவெலையில் கண்டிப் படை அவனை வளைத்துக் கொண்டது. அவனுடன் இருந்த சிங்கள முதலிமாரும் லஸ்கரின் படையினரும் கண்டியின் பக்கம் சேர்ந்தனர். 1630 ஆகஸ்ட் 25 ஆம் திகதி த சா அங்கே கொல்லப்பட்டான். அப்படையை நடத்தியவர்களுள் மஹியங்கனையில் பிறந்த இளவரசன் இராஜசிங்கனும் ஒருவன். தொடர்ந்து கண்டிப் படைகள் கொழும்பு வரை சென்றும் அதனைக் கைப்பற்ற முடியவில்லை. 1633 இல் மீண்டும் ஒரு சமாதானம் செய்யப்பட்டது.

இறுதிக் காலத்தில் செனரத் நாட்டை இளவரசர் மூவருக்கும் பகிர்ந்தளித்தான். பிரிவுகளை ஓலைகளில் எழுதித் தந்த தாதுவின் முன் வைத்து எடுக்கச் செய்தான் என்று சூளவம்சம் கூறுகிறது. ஊவா குமாரசிங்கனுக்கும், மாத்தளை விஜயபாலனுக்கும், கண்டி இராஜசிங்கனுக்கும் வந்தன. சகோதரச் சண்டையைத் தவிர்க்கச் செய்த இந்த ஏற்பாடு அதனைத் தவிர்க்கவில்லை. விஜயபாலன் பின்னர் தம்பியுடன் மோதிப் போர்த்துக்கேயரிடம் போய்ச் சேர்ந்தான்.

அந்தச் சூளவம்சத்திலும் முஸ்லிம்களுக்கு அடைக்கலம் கொடுத்த செய்தியைக் காண முடிவதில்லை. தாதுவைக் காத்தான், அரசியைக் காத்தான், புதல்வர்களை வளர்த்தான் என்பதோடு அது அவனை முடித்து விடுகிறது. 4,000 பேர் என்ற கணக்கை நமக்குத் தந்தது பகைவரின் ஏடு. 17 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோவாவிலிருந்து இலங்கையில் போர்த்துக்கேயர் பட்ட பாட்டை எழுதிய இயேசு சபைக் குருவான பெர்னாவோ த கெய்ரோஸ், குற்றச்சாட்டுப் போன்ற தொனியில் இதனைப் பதிவு செய்தார். எதிரி குறை கூற எழுதியதை இன்று நாம் பெருமையாகப் படிக்கிறோம்.

செனரத் 1635 இல் இறந்தான். அப்போதும் மட்டக்களப்புக் கோட்டையில் போர்த்துக்கேயரின் கொடியே பறந்து கொண்டிருந்தது. மூன்று ஆண்டுகளின் பின்னர், 1638 இல், கன்னொறுவையில் போர்த்துக்கேயப் படையை அழித்த இராஜசிங்கன் ஒல்லாந்தரின் கப்பல்களைத் துணைக்கு அழைத்து அக்கோட்டையைக் கைப்பற்றினான். தந்தை குடியமர்த்தியவர்கள் பன்னிரண்டு ஆண்டுகளாக அங்கே வயல் செய்து கொண்டிருந்தனர்.